தீவகம்: படகைக் கேட்டுப் போடும் பயணத் திட்டம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் பாக்கு நீரிணையில் சிதறிக் கிடக்கும் தீவுகளைச் சேர்த்துத் தீவகம் என்பார்கள். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என ஏழை எண்ணிச் சப்ததீவு என்று சொல்வதும் வழக்கம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் போகிறவரின் கண்ணில் முதலில் படும் மண்டைதீவுக்கு இந்தக் கணக்கில் ஏனோ இடமில்லை. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களை இவற்றுக்குச் சூட்டினார்கள்: வேலணைத்தீவு லைடன், காரைநகர் அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றுள் டெல்ஃப்ட் மட்டுமே இன்றைக்கும் ஆங்கிலப் படங்களிலும் அரசாங்கக் கடிதங்களிலும் நிலைத்திருக்கிறது.

கொழும்பிலிருந்து புறப்படுகிறவருக்கு வடக்கு வழி பேலியகொடையில் தொடங்குகிறது. களனி ஆற்றைத் தாண்டியதும் கண்டி வீதி ஒரு பக்கம், புத்தளம் வீதி மறுபக்கம் என்று பிரிகின்றன. மாலையில் வெள்ளவத்தையில் ஆட்களை ஏற்றத் தொடங்கும் யாழ்ப்பாண பஸ்களில் பல புத்தளம் வீதியைப் பிடித்து, அநுராதபுரத்தைக் கடந்து ஏ9 வீதியில் ஏறுகின்றன. ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு இரவுப் பயணம். அதே இரவில் எதிர்த்திசையில் மீன் லொறிகள் பேலியகொடைக்கு வந்துகொண்டிருக்கும். புறக்கோட்டை சென்ட் ஜோன்ஸ் மீன் சந்தை 2011இல் இங்கே இடம் மாறியதிலிருந்து வடகடல் மீனுக்கும் நண்டுக்கும் கொழும்பு வாசல் இதுதான். ரயிலில் போக விரும்புகிறவர்களுக்கு யாழ்தேவி இருக்கிறது. போரில் நின்றுபோன அந்தச் சேவை 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடியது.

தீவகம் கொழும்புத் தமிழருக்குப் புதிய பெயரல்ல. புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டணங்களிலும் கடை வைத்துத் தழைத்தவர்கள். 1990களின் தொடக்கத்தில் தீவுகள் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது ஊர்களே வெறுமையாயின. போனவர்களில் பலர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிஸிலும் வேரூன்றிவிட்டார்கள். வீதியோரத்தில் கூரையற்ற கல்வீடுகளையும் அவற்றுக்குப் பக்கத்திலேயே புத்தம் புதிதாக வர்ணம் பூசிய கோயில்களையும் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது போவது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில் கொட்டிவிடும், தாழமுக்கம் உருவானால் படகும் நின்றுவிடும். மே தொடங்கிச் சில மாதங்கள் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும். வானம் வெளித்திருக்கும், ஆனாலும் நெடுந்தீவுக் கடல் குலுக்கி எடுக்கும். பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். குடும்பத்தோடு போக அதுவே வசதியான காலம். போயா நாட்களையும் நீண்ட வார இறுதிகளையும் தவிர்ப்பது நல்லது. அந்த நாட்களில் நயினாதீவுப் படகுக்கு வரிசையில் நின்றே பாதிப் பொழுது போய்விடும்.

புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைதான் இந்தப் பயணத்தின் அச்சு. யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணை, வேலணை, வாணர் பாலம் வழியாக அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அது வீணான நேரமல்ல. இருபுறமும் முழங்காலளவுக் கடலில் மீனவர்கள் நட்ட தடிகள், அவற்றின் மேல் நீர்க்காகங்கள், பருவத்தில் பூநாரைகளும். நயினாதீவுக்கு நாள் முழுதும் படகுகள் ஓடுகின்றன. நெடுந்தீவுக்கோ காலையில் ஒன்றிரண்டு, பிற்பகலில் திரும்ப ஒன்றிரண்டு, அவ்வளவுதான். எனவே நெடுந்தீவுப் படகின் நேரத்தை முதல்நாளே கேட்டறிந்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப அடுக்குவதே புத்தி. இடங்களை முதலில் எழுதிவைத்துக்கொண்டு படகைக் கடைசியில் தேடுகிறவர்கள் குறிகட்டுவான் தேநீர்க் கடையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நயினாதீவு இருபது நிமிடத் தூரம். நாகபூசணி அம்மன் கோயில் துறையடியிலேயே எழுந்து நிற்கிறது; ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போகலாம். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் தீவு நிரம்பி வழியும். கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலைக்கு அட்சய பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இதுவே என்று நம்புகிற ஊருக்கு வேறென்ன பெயர் தோன்றும்? சற்றுத் தள்ளி நாக விகாரை. நாக அரசர் இருவர் மணி ஆசனத்துக்காகப் பொருதபோது சமாதானம் செய்யப் புத்தர் வந்த இடம் என்பது பௌத்த மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்றும் இத்தீவில் உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மீதி உரியவருக்கு. சரக்குக் கப்பலாயின் செம்பாதி என்று அது விதிக்கிறது. பக்தர் கூட்டத்தில் இதைத் தேடிப் போகிறவர் சிலரே. ஆனால் கல்வெட்டு குறிப்பிடும், வேலணைத்தீவிலுள்ள ஊர்காவற்றுறை அந்தக் காலத்தில் எப்படிப்பட்ட துறைமுகமாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான தீவு. மரப் படகானால் பயணிகள் ஏணியால் அடித்தட்டுக்கு இறங்கி, அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவே உட்கார நேரும். தலைசுற்றல் உள்ளவர்கள் மேல்தட்டில் இடம் பிடிப்பது நல்லது. குமுதினி என்ற பெயரை இங்கே யாரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. 1985 மே 15 அன்று குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவின் மாவிலித் துறையடியில் அவர்களுக்கு நினைவுத் தூபி இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் அங்கே கூடுகிறது.

துறையில் இறங்கியதும் ஆட்டோவோ சிறு வாகனமோ பேசிக்கொள்ளலாம். திரும்பும் படகின் நேரத்தைச் சாரதியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதலில் கண்ணில் படுவது வேலிகள். குடாநாட்டின் மற்ற ஊர்களில் கிடுகும் பனையோலையும் செய்கிற வேலையை இங்கே முருகைக்கல் செய்கிறது. சாந்து கிடையாது. கல்லின் மேல் கல்லாக, இடைவெளி வழியே காற்று நுழையும்படி மார்பளவு உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் மூளைச் சுருள் போன்ற பவளப் பூச்சியின் வரி. பழைய கோட்டையின் சுவர்களும் புறாக்கூட்டுக் கோபுரமும் இதே கல்தான். ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கு மரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நின்று படமெடுக்கலாம். வெடியரசன் கோட்டை என்று ஊரார் காட்டும் இடிபாட்டுக்குக் கதைகள் அதிகம், கற்கள் குறைவு.

குதிரைகளுக்காகவே பலர் வருகிறார்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய இனத்தின் வழிவந்தவை என்பது பொதுவான கருத்து. தெற்குப் பக்கத்துப் புல்வெளிகளில் கூட்டமாகத் திரிகின்றன. அந்தப் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மட்டமான உயரம், பெரும்பாலும் பழுப்பு நிறம். கோடையில் குளங்கள் வற்றும்போது இவை தண்ணீரின்றிச் சாவதுண்டு. ஆறில்லாத சுண்ணக்கல் தீவில் நன்னீர் என்பது மண்ணுக்கடியில் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படைதான். சாராப்பிட்டியில் ஒல்லாந்தர் காலத்தவை எனப்படும் நன்னீர்க் கிணறுகளுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்பது அப்போது விளங்கும். விருந்தினரும் வாளியை அளந்துதான் கவிழ்க்க வேண்டும். குடிநீரைக் கையோடு கொண்டுபோவதே முறை. தங்குவதற்குச் சில விருந்தினர் வீடுகள் உண்டு, முன்கூட்டியே பேசி வைத்தால் ஒடியற்கூழும் கிடைக்கும்: நண்டு, மீன், இறால், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒடியல் மாவோடு கொதித்து உறைப்பாக வரும். மாலைதீவு மாதிரியான மர வீட்டையும் நீலக் குளத்தையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்த ஊர் சரிவராது.

அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகு ஊர்காவற்றுறையிலிருந்து. பார்க்கவென்று பெரிதாக எதுவுமில்லை. அமைதி தேடுகிறவர்கள் போகலாம். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொன்னில்தான் 1913இல் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பிறந்தார். துறைக்கு எதிரே கடல் நடுவில் நிற்பது போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை. சிறைச்சாலையாக இருந்த அது இப்போது கடற்படை நடத்தும் ஹோட்டல்.

இங்கிருந்து வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் இரும்பு மிதவையை ஊரார் பாதை என்கிறார்கள். மோட்டார் சைக்கிளோடு ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை. காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் வெகுதூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான், பிள்ளைகளைப் பயமின்றி இறக்கலாம். பொன்னாலைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் திரும்பினால் கொழும்பு இரவு பஸ்ஸுக்கு நேரம் சரியாக இருக்கும்.