தணிகையைச் சுற்றி ஓர் ஓட்டம்

மனிதன் ஓடுவதற்கு நம் நாட்டில் மூன்று காரணங்கள்தாம் நியாயமானவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றன. ரயில் புறப்படப் போகிறது. மாடு முட்ட வருகிறது. கடன் கொடுத்தவன் தெருமுனையில் தென்படுகிறான். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு குடும்பஸ்தன் விடியற்காலை ஐந்து மணிக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் ஜோடும் மாட்டிக்கொண்டு திருத்தணி வீதிகளில் ஓடினால், பார்ப்பவர்கள் கவலைப்படாமல் என்ன செய்வார்கள்? நான் ஓட ஆரம்பித்த புதிதில் பால்காரர் ஒருவர் தினந்தோறும் சைக்கிளை நிறுத்தி, "வீட்டிலே யாருக்கு சார் உடம்பு சரியில்லை?" என்று விசாரிப்பார். "எனக்குத்தான்!" என்று சொல்லிக்கொண்டே ஓடுவேன்.

அது பொய்யும் அல்ல. சர்க்கரை வியாதி எங்கள் வம்சத்தில் நிலம் நீச்சைப் போல் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேருவது. 2007-ம் வருஷத்தில் என் தகப்பனாருக்கு முதலில் ஒரு கால்விரலையும், பிறகு அந்தப் பாதத்தையுமே எடுக்கும்படி ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில் நான் ஓடத் தொடங்கினேன். இப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்பது. இரண்டு கால்களும் இருக்கின்றன.

பாரிஸில் உத்தியோகம் பார்க்கும் என் மருமான் ஒருவனும் ஓடுகிறவன்தான். பிரான்சு தேசத்தில் மெடாக் என்று ஒரு சீமை உண்டு. மெல்ல ஏறி இறங்கும் திராட்சைத் தோட்டங்கள்; நடுநடுவே அரண்மனை மாதிரி பழைய மாளிகைகள். 1985-ம் வருஷம் முதல் அங்கே ஒரு மாரத்தான் ஓட்டம் நடக்கிறது. நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தத் தூரத்தை ஜனங்கள் விதவிதமான வேஷம் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வழியில் தண்ணீரோடு திராட்சை மதுவும் வார்த்துக் கொடுக்கிறார்களாம்! இவர்களில் எத்தனை பேர் நேர்கோட்டில் ஓடி முடிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. "மாமா! அங்கே திருப்பத்துக்குத் திருப்பம் சரித்திரம்!" என்று மருமான் பூரித்துப் போனான். "நம்மூரில் உனக்கு எத்தனை திருப்பம் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மலைக்கோயிலையும் ரயில் நிலையத்தையும் தவிர வேறொன்றும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்காகவும், அவனைப் போன்ற மற்றவர்களுக்காகவும் என் வழிகளைச் சொல்லுகிறேன்.

மலையில் தொடங்குவதுதான் மரியாதை. ஊருக்கு வடபுறத்துக் குன்று வெளுப்பாயிருக்கும். அதற்குப் பச்சரிசி மலை என்று பெயர். தென்புறத்தது கறுத்திருக்கும், அது பிண்ணாக்கு மலை. பெயர் வைத்தவர் நல்ல பசியோடு இருந்திருக்க வேண்டும். ஓடித் திரும்புகிறவனுக்கு அது நன்றாகப் புரியும். கோயிலுக்கு ஏறும் படிகள் 365. வருஷத்தின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்று. டிஸம்பர் 31-ந் தேதி இரவு ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டு ஜனங்கள் ஏறுகிறார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில், ஜனவரி முதல் தேதி காலையில் துரைமார்களின் பங்களா வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் காத்து நிற்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கும்பிடு தணிகை துரையைச் சேரட்டும் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இந்தப் படித் திருவிழாவை ஏற்படுத்தினார் என்று சொல்லுகிறார்கள். நான் வாரத்தில் ஒரு நாள் இந்தப் படிகளில் ஏறுகிறேன். ஓடுகிறேன் என்று சொன்னால் படிகள் சிரிக்கும். ஆடிக் கிருத்திகை சமயத்தில் அதுவும் நடவாது. அன்றைக்குப் புஷ்பக் காவடிகளுக்கு நடுவில் கையை வீசி நடக்கவே இடம் கிடைக்காது.

நான் அதிகமாக விரும்பும் வழி மலைமேல் இல்லை. மலைக்குக் கீழே, ஊரோரத்தில், வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒரு சின்னக் கற்கோயில் இருக்கிறது. வருஷத்துக்கு லட்சக்கணக்கான பேர் முருகனைத் தரிசித்துவிட்டு இதன் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறுகிறார்கள். பல்லவர்களின் கடைசி நாட்களில், அபராஜிதவர்மன் பட்டத்துக்கு வந்த பதினெட்டாம் ஆண்டில், நம்பி அப்பி என்பவர் இதைக் கல்லால் எடுப்பித்தார். அங்குள்ள கல்வெட்டில் ஒரு வெண்பா இருக்கிறது. அதைப் பாடியது அரசனேதான் என்று கல்வெட்டே சொல்லுகிறது. யோசித்துப் பாருங்கள். கோயில் கட்டியது தானல்ல. கட்டியவனை வாழ்த்தி ஒரு ராஜா தானே வெண்பா எழுதுகிறான்! தான் கட்டாத பாலத்துக்கும் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் காலத்தில் இருக்கிற நமக்கு இது சற்று ஆச்சரியமாய்த்தான் இருக்கும்.

கோயிலின் பின்பக்கம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் இருக்கும். தூங்கானை மாடம் என்று நம் முன்னோர் இந்த அமைப்புக்குப் பெயரிட்டார்கள். அந்த முதுகருகில் நின்று மூச்சு வாங்கும்போது யானைகளின் நினைவு வராமல் இருப்பதில்லை. வெண்பாப் பாடிய பல்லவனை ஆதித்த சோழன் வென்று தொண்டை மண்டலத்தைப் பிடித்தான். பல்லவன் யானைமேல் வீற்றிருக்கையில் ஆதித்தன் தாவி ஏறி அவனைக் கொன்றதாகக் கன்னியாகுமரிக் கல்வெட்டு கூறுகிறது. அதே ஆதித்தனின் பேரன் ராஜாதித்தன், 949-ம் வருஷத்தில், அரக்கோணத்துக்கு அப்பாலுள்ள தக்கோலத்தில், ராஷ்டிரகூடப் படையோடு பொருது, தானும் யானைமேலேயே உயிர் நீத்தான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. தாத்தா வென்ற சீமையிலேயே பேரன் மடிந்தான். இத்தனைக்கும் நடுவில் இந்தக் கல் யானை மட்டும் ஆயிரத்து நூறு வருஷமாக எழுந்திருக்கவேயில்லை.

மேற்கே சோளிங்கர் வழியை அதிகம் சொல்லப் போவதில்லை. 1781-ம் வருஷம் ஸெப்டம்பர் 27-ந் தேதி ஹைதர் அலியும் கும்பினித் தளபதி எயர் கூட்டும் மோதிய இடம் அது. பதினேழு மைல் தூரம். நரசிம்மர் மலையில் ஆயிரத்து முந்நூறு படி வேறு. நான் பஸ்ஸில் போகிறவன்.

தென்கிழக்கே பத்து மைலில் திருவாலங்காடு. மார்கழி மாதத்தில், பனியோடு, இந்த வழி வெகு ரம்மியம். கரும்புக் கொல்லைகள் வழி நெடுகிலும் வரும். ஆலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரைக்குப் பயந்து ஓடுகிறவன், பாகு வாசனையை முகர்ந்தபடியே ஓட வேண்டியிருப்பது விதியின் விளையாட்டு! பழையனூர் பக்கத்தில் இருட்டு நேரத்தில் போனால் நீலி கதை ஞாபகம் வந்து வேகம் தானாகவே கூடும். நீலிக் கண்ணீர் என்று நாம் சொல்லுகிறோமே, அந்தக் கண்ணீர் சிந்திய ஊர் அதுதான். ஆலங்காட்டுச் செப்பேடுகள் 31 இதழ்கள். ராஜேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்கு அளித்த சாஸனம். 1905-ம் வருஷத்தில் கிடைத்தது. ஆதித்தன் அபராஜிதனை வென்ற சமாசாரம் அதிலும் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் கயிலையில் கால் பதிக்க அஞ்சித் தலையால் நடந்து, முடிவில் வந்து தங்கிய தலமும் ஆலங்காடுதான். அம்மையார் தலையால் நடந்த ஊரை மிதிக்கத் திருஞானசம்பந்தர் தயங்கி வெளியிலேயே தங்கினாராம். நான் ஊர் எல்லையில் ஓட்டத்தை நிறுத்தி, ஜோடுகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போகிறேன்.

வடக்கு வழியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். ஐந்தாறு மைலில் பொன்பாடி. அங்கே தமிழ்நாடு முடிகிறது. அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் வேங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை. ஓடிக்கொண்டே ஒரு மூச்சில் இதைச் சொல்ல முடிந்தால் உங்கள் சுவாசப்பை திடமாயிருக்கிறதென்று அர்த்தம். எதிரே நகரி மலை, மூக்கை நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கும். இன்னும் மேலே போனால் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூர். ஆகையால் கால் சுளுக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதைவிடத் தோதான சாலை வேறில்லை.

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் திருத்தணியில் பிறந்தபோது இவ்வூர் வட ஆர்க்காடு ஜில்லா. 1911-ல் சித்தூர் ஜில்லா; 1953-ல் ஆந்திர ராஜ்யம்; 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்துச் செங்கற்பட்டு ஜில்லா; 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். மலை மட்டும் ஓரடி கூட நகரவில்லை. ம. பொ. சிவஞானத்தின் வட எல்லைப் போராட்டத்தில் என் தகப்பனார் இருபது வயது வாலிபர். கூட்டங்களுக்குப் பாய் விரித்ததும், பசை வாளியோடு சுவர் சுவராக அலைந்ததுமே அவருடைய தொண்டு. 1960-ல் திருத்தணி திரும்பிவந்த அன்று தெரு முழுவதும் கற்கண்டு வழங்கினாராம். என் தாயார் நகரிக்கு அருகே ஒரு கிராமத்தில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவள். கலியாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்று அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரே ராஜ்யத்தில் இருந்த பிறந்தகமும் புக்ககமும் காலையில் எழுந்திருக்கும்போது இரண்டாகிவிட்டன. அப்பா இதைக் கடைசி வரையில் பேசியதில்லை. அம்மாதான் எனக்குச் சொன்னாள்.

பாதம் போன பிறகு அப்பாவால் அந்தச் சாலைக்குப் போக முடியவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்பாடி போய்த் திரும்பியதும் கட்டிலில் உட்கார்ந்தபடியே விசாரணை நடத்துவார். சாவடியில் லாரிகள் நிற்கின்றனவா? பலகையில் எழுத்து அழியாமல் இருக்கிறதா? டீக்கடைக்காரர் எந்தப் பாஷையில் பேசினார்? "இரண்டிலும் பேசினார், அப்பா. கணக்கைத் தெலுங்கில் சொல்லி, சில்லறையைத் தமிழில் கொடுத்தார்" என்றேன் ஒரு நாள். அவர் வெகு நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அப்போதும் அப்படித்தான் இருந்தது" என்றார். 2012-ல் அவர் காலமானார்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை நான் வாசற்படி ஏறும்போது அவளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "மா ஊள்ளோ வான படிந்தா?" எங்கள் ஊரில் மழை பெய்ததா என்று அர்த்தம். பொன்பாடிச் சாவடியோடு திரும்பிவிட்டால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகையால் எல்லையைத் தாண்டி இன்னும் ஒரு மைல் ஓடி, சாலையோரத்து ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். சென்ற ஐப்பசியில் அது நிறைந்து கிடந்தது. சொன்னேன். "எது வரைக்கும்?" என்று கேட்டாள். கலங்கல் வழிகிறது என்றேன். அம்மா எழுந்து போய் எனக்கு மோர் கொண்டுவந்தாள்.