காருக்கு ஒரு புள்ளி, காலுக்கு ஒரு புள்ளி

செமஸ்டர் லீவு விட்டாச்சு. அஞ்சு பேர், ஒரு கார், கையில ஒரே ஒரு நாள். எங்கே போறதுன்னு பேசிப் பேசியே அந்த ஒரு நாளையும் கோட்டை விடாம, நேரா கோட்டைக்கே வண்டியை விடுங்க. சென்னையிலிருந்து திண்டிவனம், அங்கே வலது பக்கம் திரும்பினா திருவண்ணாமலை ரோடு. மொத்தம் 160 கி.மீ. சொச்சத்தில் செஞ்சி!

தேசிங்கு ராஜா கதை கேட்டு வளர்ந்த உங்களுக்கு செஞ்சிக்கு இன்ட்ரோ தேவையில்லை. ஒரே ஒரு அப்டேட் மட்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்ததே, அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கு. பாக்கி ஒண்ணு நம்ம செஞ்சி.

இந்த ட்ரிப்புக்கு ஒரு விளையாட்டையும் சேர்த்துக்கலாம். பேரு ஜியோகேஷிங். யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளிச்சு வெச்சு, அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் இணையத்தில் போடுவார். நீங்க ஜி.பி.எஸ். கருவியோட போய்க் கண்டுபிடிச்சு, உள்ளே இருக்கிற நோட்டில் பேர் எழுதிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வெச்சுட்டு வரணும். அவ்வளவுதான்!

இது பிறந்த கதை சுவாரஸ்யம். அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேணும்னே பிழையைக் கலந்து வெச்சிருந்தது. 100 மீட்டர் வரைக்கும் தப்பு காட்டும். 2000 மே மாசத் தொடக்கத்தில், கிளின்டன் ஜனாதிபதியா இருந்தப்போ அதை நிறுத்தினாங்க. அடுத்த நாளே, மே 3-ல், டேவ் உல்மர்ங்கிறவர் ஓரிகான் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளிச்சு வெச்சுட்டார். உள்ளே புத்தகம், சாஃப்ட்வேர், கவண், ஒரு டின் பீன்ஸ்!

சரி, செஞ்சிக்கு வருவோம். அப்பா காரின் டேஷ்போர்டில் பழைய கார்மின் நேவிகேட்டர் ஒண்ணு தூங்கிட்டு இருக்கா? தூசி தட்டுங்க. போன் சிக்னல் போனாலும் அது வழி சொல்லும். நமக்கு வேண்டிய புள்ளிகளை அதில் ஏத்தணும். கார்மின் நிறுவனத்தோட 'பி.ஓ.ஐ. லோடர்' சாஃப்ட்வேர் இலவசம். ஜியோகேஷிங் தளத்திலிருந்து எடுத்த ஜி.பி.எக்ஸ். ஃபைலையும் தின்னும், நீங்களே எக்ஸெலில் டைப் அடிச்ச சி.எஸ்.வி. ஃபைலையும் தின்னும். இத்தனை மீட்டர் நெருங்கினதும் மணி அடின்னு கூட செட் பண்ணலாம்.

ஆனா இங்கேதான் வில்லங்கம். அந்த சி.எஸ்.வி. ஃபைலில் முதல் கட்டத்தில் தீர்க்கரேகை, இரண்டாவதில் அட்சரேகை. ஸ்கூலில் படிச்ச வரிசைக்கு நேர் தலைகீழ். செஞ்சிக் கோட்டை தோராயமா வடக்கே 12.25, கிழக்கே 79.40. பழக்க தோஷத்தில் 12.25-ஐ முதலில் போட்டா என்ன ஆகும்? கருவி உங்களை வட துருவத்துப் பக்கம் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குக் கூப்பிடும். ஜோக் இல்லை. 2008-ல் இந்தியா ஆரம்பிச்ச 'ஹிமாத்ரி' ஆர்க்டிக் ஆராய்ச்சி நிலையம் அந்தத் தீவில்தான் இருக்கு. அங்கிருந்தும் இன்னும் 50 கி.மீ. சொச்சம் வடக்கே போகணும். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க!

இந்தத் தப்பாவது உடனே தெரிஞ்சிடும். தெரியாம கவுக்கிற தப்பு வேற ஒண்ணு இருக்கு. 12.25-ங்கிறது தசம டிகிரி. அதையே 12 டிகிரி 25 நிமிடம்னு நினைச்சு அடிச்சா, 79.40-ஐயும் அதே மாதிரி அடிச்சா, வண்டி திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசி பக்கம் போய் நிக்கும். கோட்டையிலிருந்து 34 கி.மீ. தள்ளி! ஜியோகேஷிங் தளத்தில் டிகிரியும் தசம நிமிடமுமா கொடுப்பாங்க. 12.25 டிகிரி அங்கே 12 டிகிரி 15.000 நிமிடம். நிமிடத்துக்கு அப்புறம் வர்ற புள்ளியை விநாடின்னு படிக்கக்கூடாது. 15.30 நிமிடமும் 15 நிமிடம் 30 விநாடியும் ஒண்ணு இல்லை. நடுவில் 370 மீட்டர் வித்தியாசம். ஹைவேஸில் 370 மீட்டர் ஒண்ணுமே இல்லைதான். செஞ்சியில் அது அகழிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கிற கேள்வி. அதனால கருவியின் செட்டிங்ஸில் எந்த வடிவம் இருக்குன்னு வீட்டிலேயே பார்த்துட்டுக் கிளம்புங்க.

எல்லாம் சரியா ஏத்தியாச்சு. செஞ்சி டவுனைத் தாண்டி ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர்தான், ரோட்டுக்கு வலது பக்கம் கிருஷ்ணகிரி, இடது பக்கம் ராஜகிரி. கருவி ஜம்முனு சொல்லும், 'இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள்'. தலையைத் தூக்கிப் பாருங்க. நீங்க தேடி வந்த இடம் 800 அடி உசரத்தில், மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்!

கார் நேவிகேட்டருக்குத் தெரிஞ்சது ரோடு மட்டும்தான். நீங்க கொடுத்த புள்ளிக்கு ரொம்பக் கிட்டே இருக்கிற ரோட்டில் இறக்கி விட்டுட்டு வேலை முடிஞ்சதுன்னு கை கழுவிடும். சில மாடல்களில் 'ஆஃப் ரோடு' ஆப்ஷன் இருக்கு. அதைப் போட்டா நேர்கோட்டில் அம்பு காட்டும். 'இன்னும் 400 மீட்டர்'னு அது சொல்றது தரைக்கணக்கு. நடுவில் மதில் இருக்கா, பாறை இருக்கா, எத்தனை படி இருக்குன்னு அதுக்குக் கவலையே இல்லை.

அந்த நேர்கோட்டைக் கெடுக்கிறதுக்குன்னே கட்டின கோட்டை இது. மூணு மலை, மூணையும் இணைச்சு மதில், வளைஞ்சு வளைஞ்சு வாசல்கள். எல்லாத்தையும் தாண்டி ராஜகிரி உச்சிக்கு முன்னால் இயற்கையே வெட்டின ஒரு பிளவு, 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துட்டா கதை முடிஞ்சுது. ராஜாராம் உள்ளே இருந்தப்போ ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-ல் வந்து முற்றுகை போட்டார். எதிரி எந்த மலையில் இருக்கார்னு அவருக்கு நல்லாவே தெரியும், கண்ணெதிரே தெரியுது! ஆனாலும் கோட்டை கைக்கு வந்தது 1698-ல். அதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சுப் போயிட்டார். இதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடிச்சதும் நடந்திருக்கு.

அதனால செஞ்சிக்கு ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு புள்ளி ஏத்துங்க. ஒண்ணு காருக்கு: பார்க்கிங். இன்னொண்ணு காலுக்கு: படி ஆரம்பிக்கிற வாசல். ராஜகிரிக்கு ஒரு ஜோடி, கிருஷ்ணகிரிக்கு ஒரு ஜோடி. கல்யாண மகாலுக்குப் புள்ளியே வேணாம். அந்த அடுக்குக் கோபுரம் தூரத்திலேயே கண்ணில் படும். வாசலைத் தாண்டினதும் கருவியைப் பையில் போட்டுட்டுத் தண்ணி பாட்டிலை வெளியே எடுங்க. வெயில் ஏறினப்புறம் பாறை தோசைக்கல் மாதிரி காயும். காலையிலேயே ஏறிடுங்க, சாயங்காலம் ஆகிறதுக்கு முன்னாலேயே மலைக்கு விடறதை நிறுத்திடுவாங்க. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பாத்துறது உங்க சாமர்த்தியம்.

ஒரு கண்டிஷன். கோட்டைக்குள்ள டப்பா ஒளிக்கிற ஐடியா வேணவே வேணாம். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். கல்லைப் பெயர்க்கிறது, மண்ணைத் தோண்டறது எல்லாம் வம்பு. ஜியோகேஷிங் விதியும் அதேதான்: இடத்துக்குச் சொந்தக்காரர் அனுமதி வேணும், புதைக்கக்கூடாது. சுத்துவட்டாரத்தில் டப்பா இருக்கான்னு கிளம்புற அன்னைக்குத் தளத்தில் பாருங்க. இல்லைன்னா உங்களுக்குள்ளேயே ஆடுங்க. ஒரு டீம் புள்ளி கொடுக்கட்டும், இன்னொரு டீம் அங்கே போய் போட்டோ எடுத்துட்டு வரட்டும். ஆனைக்குளம், தானியக் களஞ்சியம், சாதத்துல்லா கான் மசூதின்னு புள்ளிக்குப் பஞ்சமே இல்லை. வெளிநாட்டு கசின் கூட வர்றாரா? சாட்டிலைட் வழியா பேசற, மெசேஜ் அனுப்பற கருவியை லைசென்ஸ் இல்லாம இங்கே வெச்சிருந்தா போலீஸ் கேஸ் ஆகும்னு அவர் காதில் முன்கூட்டியே போட்டு வைங்க.

கடைசியா ஒரு போனஸ் புள்ளி: புதுச்சேரி கடற்கரை, காந்தி சிலை. சிலையைச் சுத்தி நிக்கிற சிற்பத் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைன்னு சொல்வாங்க. வேங்கடரமணர் கோயிலைப் பார்த்த கையோட கிளம்பினா இருட்டறதுக்குள்ள போய்ச் சேரலாம். பீச் ரோட்டில் சாயங்காலத்துக்கு மேல வண்டி விடமாட்டாங்க. அங்கேயும் ரெண்டு புள்ளி ஏத்திக்கோங்க.