எல்லாம் வாயுதானா?

வட்டகொடைப் புகையிரத நிலையத்துக்கு மேலும் கீழுமாகப் பரந்துகிடக்கும் தேயிலை மலைகளிலே, வயிற்றைப் பற்றிய முறைப்பாடுகள் பல உண்டு. ஆனால், அவற்றுக்கெல்லாம் வழங்கும் பெயர் ஒன்றுதான். மேல்வயிறு எரிந்தாலும் வாயு. நெஞ்சு கரித்தாலும் வாயு. வலப்பக்கம் குத்தினாலும் வாயு. உண்டது இறங்காமல் நடுமார்பிலே நின்றுவிட்டால் அதுவும் வாயுவே. படித்தவர் வீடுகளிலே இதே சொல் ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று உடை மாற்றிக்கொண்டு வருகின்றது. உடை வேறு, ஆள் ஒன்று.

பெயர் வைத்தவுடன் நோயே தெரிந்துவிட்டது போன்றதோர் அமைதி மனத்தில் உண்டாகிறது. ஓமத்தண்ணீர், இஞ்சிச் சாறு, கடையிலே வாங்கிய ஒரு மாத்திரை, மறுநாட் காலையிற் பெரட்டு என்று காரியம் முடிந்துவிடும். பெரும்பாலான வேளைகளில் இந்த வைத்தியமே போதும் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. வயிற்றுக் கோளாறுகளிற் பெரும்பகுதி தாமாகவே மாறிவிடுவன. போதாமற் போகின்ற அந்தச் சில வேளைகளை எவ்வாறு இனங்காண்பது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

தோட்டத்திலே இக்கேள்விக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு நாள் வேலைக்குப் பதிவாகும் கூலியைப் ‘பேர்’ என்று நம்மவர் சொல்வர். வைத்தியசாலைக்குப் போகும் நாள், பேர் விழாத நாள். மேல்கணக்கிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மருந்து பெற்றுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எப்போது போகவேண்டும் என்று அறியாதவர், போகத் தேவையில்லாத நாளிலே போய் ஒரு பேரை இழக்கிறார்; அந்த நட்டத்தை நினைவிற்கொண்டு, போகவேண்டிய நாளிலே போகாமல் இருந்துவிடுகிறார். இரண்டாவது நட்டத்தைக் கணக்குப் பார்க்க எந்தச் செக்றோலும் இல்லை.

முதலில் எரிவை எடுத்துக்கொள்வோம். நம் இரைப்பை உணவைச் சமிபாடடையச் செய்வதற்காக வலிய அமிலத்தைச் சுரக்கிறது. இரைப்பையின் உட்சுவர் அந்த அமிலத்தைத் தாங்கும் தன்மையுடையது; அதற்கு மேலேயுள்ள உணவுக்குழாய் அவ்வளவு தாங்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தசைக்கதவு தளர்ந்து அமிலம் மேலே ஏறும்போதுதான் நெஞ்செரிவு உண்டாகிறது. விடியற்காலையில் ஒரு கோப்பை வெறுந்தேநீர், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, இரவு பிந்தி வயிறு முட்ட ஓர் உணவு, கையலம்பியவுடன் படுக்கை என்ற ஒழுங்கு இதற்கு மிக வாய்ப்பானது. உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திக்கொள்வதும் பலருக்கு மருந்தின்றியே குணந்தரும். முன்னுண்டது சமித்ததை அறிந்து, அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்பது திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக் கருத்து. ஆனால், பேருக்காக ஓடுகின்றவருக்குப் பசித்த வேளையும் உண்ணும் வேளையும் ஒன்றாக அமைவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புண் வேறு விடயம். கவலையும் காரமுமே இரைப்பைப் புண்ணை உண்டாக்குகின்றன என்று வைத்திய உலகமே நீண்டகாலம் நம்பியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்து வைத்தியர்களான றொபின் வொரனும் பரி மார்ஷலும், இரைப்பையிலே வாழும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் கிருமியே பெரும்பாலான புண்களுக்கு வேர் என்று கூறியபோது நம்பியவர் சிலரே. 1984இல் மார்ஷல் அக்கிருமி வளர்த்த கரைசலைத் தாமே குடித்துத் தம் இரைப்பையை அழற்சிக்கு உள்ளாக்கிக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் நமக்கு விளங்குவது என்ன? கிருமியால் வந்த புண்ணுக்கு வைத்தியர் கொடுக்கும் ஒன்றிரண்டு வார மருந்து பெரும்பாலும் முற்றான குணத்தைத் தரும். இஞ்சிச் சாறு ஆயுள் முழுவதும் குடித்தாலும் தராது.

கிருமிக்கு அடுத்த காரணம் நம் கையாலேயே வாங்குவது. நாள் முழுதும் கூடை சுமந்து முதுகும் முழங்காலும் நோவெடுக்க, கடையிலே ‘மேல்வலி மாத்திரை’ வாங்கி விழுங்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. பெனடோல் அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் டைக்ளோபெனக், இபுபுறோபென், அஸ்பிரின் போன்றவை இரைப்பைச் சுவரின் காப்பைக் குறைத்துப் புண்ணை உண்டாக்கி, இரத்தத்தையும் கசியவிடும். வெறுவயிற்றிலே இவற்றை நாள்தோறும் எடுப்பவருக்கு வயிறு எரியுமானால், அதற்கு வாயுவைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. இரத்தம் கசிகின்றதற்கு அடையாளம் மலத்தின் நிறம். தாரைப் போலக் கறுத்து, ஒட்டுந் தன்மையோடு, கடும் நாற்றத்துடன் மலம் போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவருக்கும் மலம் கறுக்கும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, எனினும் வைத்தியரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இரத்தமாகவோ கோப்பித் தூளைக் கரைத்தாற்போலவோ வாந்தி வருமானால் விடியும்வரை கூடக் காத்திருத்தல் ஆகாது.

விழுங்குவதிலே தடை என்பதைத் தனியாகச் சொல்லுகிறேன். ஏனெனில், இது வலியில்லாமல் வருவது. என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் பாட்டி, ரொட்டியைத் தேநீரிலே தோய்த்து உண்ணத் தொடங்கினார். பல்லில்லாதவர் செய்வதுதானே என்று வீட்டிலே யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ரொட்டியை விட்டுச் சோற்றுக்கு மாறினார், சோற்றைக் குழைத்தார், பிறகு கஞ்சி. கேட்டவர்களுக்கெல்லாம் ‘நெஞ்சில வாயு அடைக்குது’ என்றார். சேலைக் கட்டு தளர்ந்து எலும்பு தெரிந்தபோது நான்கு மாதங்கள் கடந்திருந்தன. நுவரெலியாவுக்கும் அங்கிருந்து மகரகமைக்கும் கொண்டுசென்றார்கள். உணவுக்குழாயிலே புற்றுநோய். குழாய் வழியாக உணவு செலுத்துவதற்கன்றி வேறெதற்கும் காலம் மிஞ்சியிருக்கவில்லை. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்த வாய் அவருடையது. குளிருக்கும் பசிக்கும் சலிப்புக்கும் மலையிலே அதுவே துணை. புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலிலே உறுதிப்படுத்தியது. திண்ணிய உணவு சிக்குகிறது என்று ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து சொன்னால், வயது எதுவாயினும், உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனைக்கு வைத்தியரை அணுகவேண்டும். காரணமின்றி உடல் மெலிவதும் அவ்வாறே.

மார்பிலே தோன்றும் வாயு எல்லாம் வயிற்றைச் சேர்ந்ததுமன்று. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளம் அடைபடும்போது, மார்பை அழுத்துவது போன்ற நோவு, சில வேளை மேல்வயிற்றிலே பாரம், குமட்டல் என்று அது வாயுவைப் போலவே வேடந்தரித்து வரும். நோவு இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மலை ஏறும்போது கூடி உட்கார்ந்தால் குறைதல் ஆகியன இருதயத்தின் குறிகள். நீரிழிவுள்ளவர்க்கும் பெண்களுக்கும் இக்குறிகள் மங்கலாகவும் வரலாம். இவ்வேளையிலே சோடா உடைத்துக் கொடுத்து ஏப்பத்துக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் ஒரு பகுதி மடிகின்றது. நோயாளியை நடக்கவிடாமல் உட்காரவைத்து, 1990 என்னும் இலக்கத்தை அழைக்கவேண்டும். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, பின்பு நாடு முழுவதும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. லயத்து வாசல்வரை வண்டி வராத இடங்களில், எந்தச் சந்திக்கு வரவேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, ஓர் இளைஞனை அங்கே நிறுத்திவைப்பது நன்று.

அடிவயிற்று நோவுக்கு வருவோம். தொப்புளைச் சுற்றித் தொடங்கிச் சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, நடந்தாலும் இருமினாலும் கூடுகின்ற நோவு, காய்ச்சலும் குமட்டலும் சேருமாயின், குடல்வால் அழற்சியாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு வயிறு நொந்தால் ‘வயிற்றைக் கழுவிவிடுவோம்’ என்று பேதிமருந்து கொடுப்பது நம் முன்னோர் வழக்கம். குடல்வால் வீங்கியிருக்கும் வேளையில் அம்மருந்து அதனை வெடிக்கச் செய்துவிடக்கூடும். மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடும் நோவு வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்; அதற்கும் தாமதம் ஆகாது. வெட்கம் காரணமாகத் தாயிடமும் சொல்லாத பெண்கள் உண்டு என்பதால் இதனை எழுதுகிறேன்.

வயிற்றோட்டம் பற்றி நம்மவர் நன்கறிவர். மழை பிடித்து மேலேயுள்ள அழுக்கெல்லாம் பீலித் தண்ணீரிலே கலக்கும் மாதங்களில் அது வீட்டுக்கு வீடு விருந்துக்கு வரும். இதிலே கொல்லுவது பெரும்பாலும் கிருமியன்று, நீரிழப்பே. 1971இல் வங்காளதேச யுத்தத்தின்போது, இந்திய எல்லையிலுள்ள பொங்கான் அகதி முகாமிலே வாந்திபேதி பரவியது. நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகவே, திலீப் மகாலநாபிஸ் என்னும் வைத்தியர், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களிலே வைத்து, உறவினரையே நோயாளிகளுக்குப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று. குடலிலே உப்பைத் தனியே அனுப்பினால் அது தயங்கி நிற்கும். குளுக்கோசு துணைக்கு வந்தால் இரண்டும் சேர்ந்து உள்ளே நுழையும், நீர் அவற்றைப் பின்தொடரும். நாம் ‘ஜீவனி’ என்று வாங்கும் பொதி இதுதான். கொதித்தாறிய நீரிலே, பொதியிற் குறித்த அளவு பிசகாமற் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்கவேண்டும். ஒரு நாள் கடந்ததை ஊற்றிவிட வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. சிறுநீர் போகாமை, அழுதாற் கண்ணீர் வராமை, கண் குழிதல், தூங்கி விழுதல், மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் ஜீவனியை நம்பி வீட்டிலிருத்தல் தவறு. கைக்குழந்தையாயின் இவற்றுக்குங் காத்திராமல் அன்றே காட்டுவது நல்லது. கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தால் ஈரலை நினைக்கவேண்டும். 2007இல் கம்பளையிலே ஈரலழற்சி பரவியதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஒரே பெயருக்குள் பல நோய்களை அடைத்துவைப்பது இம்மலைகளுக்குப் புதிதன்று. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் தாபனம் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடற்சுவரைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும் அப்புழுவினால் வெளிறிப்போய் மலையிலே உட்கார்ந்தவனை, அதற்கு முன்பு எத்தனை கங்காணிமார் சோம்பேறி என்று ஏசியிருப்பார்களோ! அவனுக்கும் மேல்வயிற்றிலே நோவு இருந்திருக்கும். அதற்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்.

மலச்சிக்கலுக்கு நம் பெண்களிடத்தே ஒரு தனிக் காரணம் உண்டு. கொழுந்து மலையிலே ஒதுங்க இடமில்லை. ஆகையால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், மலத்தையும் அடக்குகிறார்கள். இதற்கு மருந்து தோட்ட நிருவாகம் கட்டவேண்டிய மலசலகூடம், இசப்கோல் அன்று. மூலம் என்று சொல்லி இரத்தப்போக்கை மறைப்பவர்களுக்கும் ஒரு சொல்: மூலமாகவே இருக்கலாம், ஆனால் நாற்பதைக் கடந்தவருக்கு மலங்கழிக்கும் வழக்கம் மூன்று வாரத்துக்கு மேலாக மாறியிருந்து இரத்தமுங் கலந்து வந்தால், பெருங்குடலைப் பரிசோதியாமல் அவ்வாறு தீர்மானிக்க முடியாது.

வைத்தியரிடம் போய்ச் சேர்ந்த பின்னும் இந்த வாயு நம்மை விடுவதில்லை. மலைநாட்டு வைத்தியசாலைகளிலே வைத்தியர் சிங்களத்திலும் நோயாளி தமிழிலும் பேச, நடுவிலே பத்தாம் வகுப்பு மாணவனோ மாணவியோ நின்று மொழிபெயர்ப்பதை நாம் காண்கிறோம். பாட்டி அரை மணி நேரம் சொன்னதைப் பிள்ளை ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அதற்குரிய மருந்துதான் வரும். மாணவர்களே, நோய்க்குப் பெயர் சொல்லாதீர்கள். எந்த இடத்தில், எந்நாள் தொடங்கி, உண்டபின் கூடுகிறதா குறைகிறதா, மலத்தின் நிறம் என்ன, உடல் எவ்வளவு மெலிந்தது, கடையில் வாங்கிய மாத்திரை எது என்று முதல்நாள் இரவே ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை உறையையும் எடுத்துச் செல்லுங்கள். அப்பாவின் கசிப்பு, பாட்டியின் வெற்றிலைப் பை இரண்டையும் மறைக்க வேண்டாம். வைத்தியர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிடுங்கள்.