பூச்சி மருந்து

மருந்து என்ற சொல்லைப் போல் தாராள மனசு படைத்த சொல் தமிழில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகந்தான். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதும் மருந்து; தீபாவளியன்று விடியற்காலையில் பாட்டி உருட்டிக் கொடுப்பதும் மருந்து; வயலில் புழுவைக் கொல்லத் தெளிப்பதும் மருந்து. பயிருக்கு நோய் வந்திருக்கிறது, மருந்தடிக்க வேண்டும் என்கிறோம். அந்தக் கணக்கில் பயிர் நோயாளி, தெளிப்பவன் வைத்தியன். தன் மருந்தைக் கண்டு எந்த வைத்தியனாவது பயப்படுவானா? 'விஷம்' என்று பெயர் வைத்திருந்தால் டப்பாவைத் திறக்கிற கை கொஞ்சம் தயங்கியிருக்கும். கொல்கிற சரக்குக்கும் மங்கலமான பெயர் சூட்டுவதில் நம்மவர்களுக்கு நிகர் நம்மவர்களே!

இந்த யோசனை எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் மாமாவுக்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சம்பாப் பருவத்தில் நான் அங்கே போயிருந்தபோது பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. அந்தப் பக்கத்து நாலு ஊர்களுக்கும் மருந்தடிப்பவர் ஒருவர்தான். ஐம்பது வயதிருக்கும், ஊரில் பாதிப் பேருக்கு அவர் அண்ணன். தலையில் ஒரு துண்டு, மடித்துக் கட்டிய கைலி, முதுகில் டேங்கு: இவ்வளவுதான் அவருடைய போர்க்கவசம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. குழாயின் முனை அடைத்துக் கொண்டால் கழற்றி வாயால் ஊதிச் சரிசெய்வார். நடுவில் வரப்பில் உட்கார்ந்து, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, ஒரு பீடி.

பதினோரு மணிக்கு அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து திண்ணையில் உட்கார வைத்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் ஒழுகிக் கொண்டிருந்தது. "எச்சி ஊறிக்கிட்டே இருக்கு தம்பி, நிக்க மாட்டேங்குது" என்றார் என்னிடம். கண் இருட்டுகிறது என்றார். யாரோ வெயில் மயக்கம் என்றார்கள். இன்னொருவர் மோர் கொண்டு வர உள்ளே ஓடினார்.

மாமிதான் தடுத்தாள். "வாயிலே ஒண்ணும் ஊத்தாதீங்கோ. மேலே இருக்கிற துணியைக் கழட்டுங்கோ, சோப்புப் போட்டு அலம்புங்கோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ!" முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன குரல் அது. யாரும் எதிர்வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தார். பாப்பா குண்டூசி முனையாய்ச் சுருங்கியிருந்தது. "என்ன மருந்து? டப்பா எங்கே?" என்று கேட்டார். மாமா ஒரு பையனை மோட்டார் சைக்கிளில் வயலுக்கு அனுப்பினார். அவன் கொண்டு வந்தது ஒரு பழைய கலர் பாட்டில்! கடைக்காரர் பெரிய டப்பாவிலிருந்து வேண்டிய அளவு அதில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பேரும் இல்லை, சீட்டும் இல்லை. டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அறிகுறிகளைப் பார்த்தே அட்ரோபின் ஊசியைப் போடத் தொடங்கிவிட்டார்.

பிறகு அவரே எனக்கு விளக்கினார். நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது ஒரு ரசம் சுரக்கிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததும் அந்த ரசத்தைத் துடைத்துவிட உடம்பில் இன்னொரு பொருள் இருக்கிறது. பள்ளிக்கூட மணியை அடித்தபின் நாவைப் பிடித்து நிறுத்துகிற கை மாதிரி. ஆர்கனோபாஸ்பேட் என்னும் இந்த வகை விஷம் அந்தக் கையைக் கட்டிப் போட்டு விடுகிறது. மணி ஓயாமல் அடிக்கிறது; எச்சிலும் கண்ணீரும் வேர்வையும் பெருகுகின்றன; தசைகள் துடித்துத் துடித்துச் சோர்கின்றன. கடைசியில் சோர்வது மூச்சுவிடும் தசை. வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. தோல் வழியாகவே போகும். இந்த ஏற்பாட்டில் புழுவுக்கும் மனிதனுக்கும் பேதமில்லை என்பதுதான் விஷயம். ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ரசாயனி பூச்சியைக் கொல்லச் சரக்குத் தேடப் போய் 1936-ல் டாபுன் என்ற பொருளைக் கண்டார். ராணுவம் அதைப் போர் விஷமாக எடுத்துக் கொண்டது. வயலுக்குப் பாரத்தியான் என்ற விஷத்தைத் தந்ததும் அதே மனிதர்தான். அட்ரோபினோ, ஊமத்தை இனத்துச் செடிகளில் இருக்கும் விஷச்சத்து. வயலில் விஷத்தை மருந்து என்கிறோம். ஆஸ்பத்திரியில் விஷமே மருந்தாகிறது!

அண்ணன் பிழைத்தார். நாலாம் நாள் வாழைப்பழச் சீப்போடு பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்தபடி, "சரக்கு ஜோரான சரக்கு தம்பி. ஆளையே சாய்ச்சிருச்சுன்னா பூச்சி என்ன ஆவும்!" என்றார். அவர் முகத்தில் வருத்தமில்லை, மெச்சுதல்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிவயிற்றில் ஒரு கலக்கமும் வந்தது.

"நாங்கள் பட்டணத்தில் கத்தரிக்காய் வாங்கித் தின்கிறவர்கள், எங்களுக்கு எதற்கு இந்தக் கதை?" என்று வாசகர் கேட்கலாம். 1958-ல் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்கள் யாரும் மருந்தடிக்கப் போனவர்கள் அல்ல, சாப்பிட உட்கார்ந்தவர்கள். பம்பாயிலிருந்து ஒரே கப்பலில் கோதுமை மாவும் பாரத்தியானும் வந்தன. விஷம் ஒழுகி மாவில் கலந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1968-ல், பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் என்ன? 2013 ஜூலையில் பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. கப்பலானாலும் சரி, சமையற்கட்டானாலும் சரி, விஷத்தையும் உணவையும் அண்டை வீட்டார் ஆக்கினால் என்றைக்காவது வேலி தாண்டும்.

சட்டப்படி ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வர்ணச் சின்னம் இருக்கிறது. சிவப்பு என்றால் மகா கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. எழுத்துத் தெரியாதவனுக்கும் வர்ணம் தெரியுமே என்று செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் கலர் பாட்டிலில் எந்த வர்ணத்தைப் பார்ப்பது? சீட்டில்லாமல் அளந்து ஊற்றி விற்பது சட்டத்துக்கு விரோதம். வாங்குகிறவர் கேட்காத வரையில் கடைக்காரர் ஏன் கவலைப்படப் போகிறார்?

கையுறை, கண்ணாடி, முகமூடி, பூட்ஸ் எல்லாம் அணிய வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். முழங்கால் சேற்றில், தஞ்சாவூர் வெயிலில், ஒரு நிபுணர் அவற்றை மாட்டிக்கொண்டு ஒரு மா நிலத்துக்கு அடித்துக் காட்டினால் நான் மாலை போடுவேன். அதற்காக ஒன்றுமே செய்ய வேண்டாம் என்பதல்ல. கையுறையும் மூக்குக் கட்டும் முழுக்கைச் சட்டையும் பெரிய செலவில்லை. காற்றுக்கு முதுகு காட்டி, வெயில் ஏறுமுன் அடிப்பதற்குச் செலவே இல்லை. அடைப்பைக் குச்சியாலோ தண்ணீராலோ நீக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கலாம். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்கலாம். காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ பிடித்து வைக்காமல் ஓட்டை போட்டு ஒழித்து விடலாம்.

மாமா இப்போது சீல் உடைக்காத டப்பாவைத்தான் வாங்குகிறார். மாமி வரப்புக்கு வந்து சீட்டை உரக்கப் படிக்கிறாள். அண்ணன் முதலில் சிரித்தார். இப்போது, "டீச்சரம்மா படிக்கட்டும்" என்று காத்திருக்கிறார். சோப்புக் கட்டியும் ஒரு குடம் தண்ணீரும் கூலியோடு சேர்ந்த கணக்கு.

நம்மில் பலருக்கு ஊரில் இன்னும் காணி நிலம் இருக்கிறது. குத்தகைக்காரரிடம் டெலிபோனில் எத்தனை மூட்டை கண்டது என்று விசாரிக்கிறோம். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டு வைப்போம்: மருந்தடித்தது யார், அவர் சௌக்கியமா?