லால்பாக்கிற்கு எந்த மாதம் போகலாம்?

கேள்வி: “பெங்களூரு லால்பாக் தோட்டத்தைக் குடும்பத்தோடு பார்க்க நினைக்கிறோம். ஜனவரி மலர்க் கண்காட்சிக்குப் போவதா, ஆகஸ்ட் கண்காட்சிக்குப் போவதா? அங்குள்ள மரங்களைப் பார்த்து, எங்கள் வரப்பில் வைக்க மரம் தேர்வு செய்யவும் எண்ணம். எந்தப் பருவம் ஏற்றது?”
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பூ பார்ப்பதற்கென்றால் இரண்டு கண்காட்சிகளும் நல்லவைதான். மரம் தேர்வு செய்வதற்கென்றால் இரண்டுமே அவ்வளவாக உதவாது. பூங்கா ஒன்றுதான், ஆனால் போகிறவரின் தேவைக்கு ஏற்ப ஏற்ற மாதம் மாறுகிறது.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயத் தம்பதி ஒருவர் இதைச் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டார்கள். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகும் ஊடே அவரையும் விளைகிற மண். வரப்பைச் சுற்றி அறுபது மரம் வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். கேழ்வரகு சரியில்லை என்றால் அடுத்த ஆண்டு வேறு பயிர் வைத்துக்கொள்ளலாம். மரம் அப்படியல்ல. இன்று வைக்கும் கன்று, பிள்ளைகள் காலத்திலும் அதே இடத்தில் நிற்கும். ஆகவே கன்று வாங்கும் முன் வளர்ந்த மரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார்கள்.

கண்காட்சி நாட்கள்

முதல் முறை அவர்கள் போனது ஜனவரியில், குடியரசு தினக் கண்காட்சிக்கு. ஊரிலிருந்து வேன் கிளம்புகிறது என்று சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடி மாளிகைக்குள் போகவே பாதி நாள் வரிசையில் நின்றார்கள். உள்ளே பூக்களால் செய்த பெரிய உருவங்கள், அடுக்கடுக்காகத் தொட்டிகள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் வெளியே வந்ததும் அந்த அம்மா சொன்னது இது: “ஏங்க, மரத்தைப் பார்க்கணும்னு வந்தோம். மனுஷத் தலையைத்தான் பார்த்துட்டுப் போறோம்.”

திரும்பும் வழியில், சாலையோரம் விற்ற மா ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பிய துளிர்தான் மரமாகியிருந்தது. மேலே கட்டிய ஒட்டு எப்போதோ பட்டுப்போயிருந்தது. ஒட்டின் இணைப்பு நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கியதும், கீழ்த்துளிரைக் கிள்ளாமல் விட்டதும் சேர்ந்து செய்த வேலை அது.

இதனால் கண்காட்சிக்கே போகக் கூடாது என்பதில்லை. மலர் சாகுபடி செய்பவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். ஜனவரி மூன்றாவது வாரத்தில் ஆயிரக்கணக்கான தொட்டிகள் ஒரே நேரத்தில் பூத்து நிற்கின்றன என்றால், ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே விதைப்பும் நடவும் நாள் குறித்துச் செய்யப்பட்டிருக்கின்றன. ஆகஸ்ட் கண்காட்சிக்கான வேலை மே மாதக் கோடை மழையோடு தொடங்கிவிடும். சாமந்தியைக் கவனித்தால் இன்னும் தெளிவாகும். இரவு நீளும்போதுதான் அது மொட்டு விடும். ஜனவரியில் சாமந்தி பூத்திருப்பது இயல்பு. ஆகஸ்டில் பூத்திருந்தால், கறுப்புத் துணி போர்த்தி இரவை நீட்டித்திருப்பார்கள் என்று பொருள். பண்டிகைச் சந்தைக்குப் பூ கொண்டுபோக விரும்பும் விவசாயி, தொட்டியின் அழகைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அது விதைக்கப்பட்ட நாளையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்டு முழுவதும் பூக்கும்படி அமைந்த தோட்டம்

லால்பாக் 1760ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடிகளை வரவழைத்து அதை விரிவாக்கினார். இன்று பரப்பு 240 ஏக்கர். நடுவில் நிற்கும் கண்ணாடி மாளிகைக்கு 1889ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது தோட்டத்தைக் கவனித்தவர் ஜான் கேமரான். நம் ஊர்ச் சந்தையில் ‘பெங்களூர் கத்தரிக்காய்’ என்று விற்கும் சௌசௌவை இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

கேமரானுக்குப் பின் 1908ல் பொறுப்பேற்றவர் ஜெர்மனியில் பிறந்த கிரும்பிகல். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்த மரம் பூக்கத் தொடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, நகரத்துச் சாலைகளிலும் பூங்காக்களிலும் மரங்களை நடச் செய்தார். எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு மரம் பூத்திருப்பது தற்செயல் அல்ல. அதனால்தான் ‘எந்த மாதம் பூ இருக்கும்’ என்ற கேள்வி இங்கே பெரிதாகப் பயன்படாது. ‘எதைப் பார்க்கப் போகிறோம்’ என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை: மரம் தன்னைக் காட்டும் காலம்

மரம் தேர்வு செய்பவர்களுக்கு ஏற்ற பருவம் இதுதான். பல மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். தண்டு நேராகப் போகிறதா, எந்த உயரத்தில் கிளை பிரிகிறது, கவை பலமாக இருக்கிறதா என்பதெல்லாம் இலையில்லாத மரத்தில்தான் தெளிவாகத் தெரியும். மாட்டு வாங்கப் போகிறவர் போர்வை போர்த்திய மாட்டையா பார்ப்பார்?

முள்ளிலவு பிப்ரவரியில் ஒரு இலையும் இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். மஞ்சள் டபேபுயாவும் ஜகரண்டாவும் அடுத்தடுத்து வரும். மகாகனிக் காய்கள் வெடித்து, இறக்கை வைத்த விதைகள் சுழன்று விழும். மார்ச் கடைசியில் புங்கன் பழைய இலையைக் கொட்டிவிட்டு இளம்பச்சைத் துளிரோடு நிற்கும். மற்ற மரங்கள் மொட்டையாக இருக்கிற வெயிலில் எது நிழல் கொடுக்கிறது என்பதை அப்போது நேரில் பார்த்துவிடலாம்.

தேன்கனிக்கோட்டைத் தம்பதி இரண்டாம் முறை போனது மார்ச் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. அவருடைய மனதில் இருந்தது தூங்குமூஞ்சி மரம். விரைவாக வளரும், நெற்றை மாடு விரும்பித் தின்னும் என்று கேள்விப்பட்டு, பதினைந்து அடிக்கு ஒன்றாக வைக்க நினைத்திருந்தார். பூங்காவில் வளர்ந்த மரத்தின் அடியில் நின்று, நிழலின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தப்படி வைத்து நடந்து பார்த்தார். முப்பதைத் தாண்டியது. தன் வயலின் அகலத்தை மனதுக்குள் அளந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான்கு மரம் வைத்தால் போதும், கேழ்வரகு முழுக்க நிழலில் கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் மாடு கட்ட ஒன்றே ஒன்று வைத்தால் போதும் என்று அங்கேயே முடிவானது.

வயது முதிர்ந்த இலவ மரத்தின் அடியையும் இருவரும் சுற்றி வந்தார்கள். பலகை பலகையாக மண்ணுக்கு மேலே எழுந்து ஓடும் வேர்களைப் பார்த்தவர்கள், கிணற்றருகே இலவு வைக்கலாம் என்ற யோசனையையும் கைவிட்டார்கள். கன்றாக இருக்கும்போது இந்த விஷயங்களை எந்த நாற்றங்காலிலும் பார்க்க முடியாது.

மே, ஜூன்: பூவும் காற்றும் பழமும்

ஏப்ரல் கடைசி முதல் மே வரை குல்மோகர் செக்கச்செவேலென்று பூக்கும். சரக்கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்கும். பூமருது ஊதா நிறத்தில் பூக்கும். படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் பெங்களூருவில் மே மாதம் இடி மழைக்கும் சூறைக் காற்றுக்கும் பேர்போனது. மழை பெய்த மறுநாள் போய் எந்த மரத்தின் கிளை முறிந்து கிடக்கிறது என்று பார்த்தால் பெரிய பாடம் கிடைக்கும். குல்மோகருக்கு வேர் ஆழமில்லை, கட்டையும் எளிதில் முறியும். சாலைக்கு அழகு சேர்க்கும் மரம் வரப்புக்கும் ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மாம்பழக் காலத்தில் லால்பாக்கில் மாம்பழச் சந்தை நடப்பது வழக்கம். விவசாயிகளே பழம் கொண்டுவந்து விற்பார்கள். கிருஷ்ணகிரி மா விவசாயிகள் ஒரு முறையாவது அதைப் பார்ப்பது நல்லது. எந்த ரகத்தை நகரத்து வாடிக்கையாளர் கேட்டு வாங்குகிறார், எப்படிப் பெட்டி கட்டுகிறார்கள் என்பது அங்கே தெரியும். 1959ல் தொடங்கிய ஹாப்காம்ஸ் என்ற தோட்டக்கலை விளைபொருள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையிடமும் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: கன்று வாங்கும் காலம்

இலை அடர்ந்து பூங்கா முழுதும் பச்சையாக இருக்கும். மரத்தின் உருவம் இலைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் கன்று வாங்க இதுவே நேரம். வாங்கிய வாரத்தில் நட்டால் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். ஜனவரியில் வாங்கும் கன்றுக்கு அடுத்த நான்கு மாதம் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும். முன்பு வாங்கிய மாங்கன்றுக்கு அந்த அம்மா அப்படித்தான் தண்ணீர் சுமந்தார், அதுவும் வேர்ச்செடிக்கு!

செப்டம்பர் பெங்களூருவில் மிகுதியாக மழை பெய்யும் மாதங்களில் ஒன்று. முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம். தோட்டத்தின் நடுவே இருக்கும் பெரிய பாறை மழையில் வழுக்கும். சுமார் 300 கோடி ஆண்டு பழமையான அந்தப் பாறை, தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வெயில் காயும் நாளில் அதன்மேல் ஏறிக் கெம்பே கவுடா கோபுரம் வரை போய்ப் பார்க்கலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: நிதானமாக நடக்கும் காலம்

மழை ஓய்ந்து குளிர் தொடங்கும். மரமல்லி பூத்து, விடிகாலையில் நடைபாதையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். குழந்தைகளோடு சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு டிசம்பர் முதல் பாதி நல்லது. வெயில் இல்லை, கண்காட்சிக் கூட்டமும் இல்லை. பெயர்ப் பலகை உள்ள மரங்களைக் குழந்தைகள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடக்கலாம்.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தும்?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். எனவே லால்பாக்கில் ஒரு மரம் இலை உதிர்க்கும் காலத்தையும் பூக்கும் காலத்தையும் இந்த வட்டார விவசாயிகள் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டெல்டாவிலோ ராமநாதபுரத்திலோ இருப்பவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே வெயிலும் மழைக்காலமும் மண்ணும் வேறு. அவர்கள் லால்பாக்கில் மரத்தின் உருவத்தையும் குணத்தையும் பார்த்துக்கொண்டு, தங்கள் மண்ணுக்கு அது வருமா என்பதை உள்ளூரில் வளர்ந்து நிற்கும் மரத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

ஆக, வாசகருக்கான பதில் இது. ஒரே முறைதான் போக முடியும் என்றால் மார்ச் இரண்டாம் பாதியில், வேலை நாளில் போகலாம். இரண்டு முறை முடியும் என்றால் மார்ச்சில் மரத்தைப் பார்த்து முடிவு செய்து, ஜூலையில் கன்று வாங்கலாம். காலை 6 மணிக்கே உள்ளே போய்விடுவது நல்லது. பசுமை வழித்தட மெட்ரோ ரயிலில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாசல் பக்கத்தில்தான் இருக்கிறது. அளவு நாடா, குறிப்பேடு, தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். விதை கிடக்கிறதே என்று பொறுக்கிப் பையில் போட வேண்டாம். தேவையானதை நாற்றங்காலில் விலைக்கு வாங்கலாம். கன்று வாங்கும்போது ஒட்டு இணைப்பைக் கையால் தொட்டுப் பார்த்து, ரசீதில் ரகத்தின் பெயரை எழுதி வாங்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டைத் தம்பதி ஜூலையில் மூன்றாம் முறை போய் வந்தார்கள். அறுபது மரம் என்ற திட்டம் முப்பத்திரண்டாகக் குறைந்தது. பெரும்பாலும் புங்கன், கொஞ்சம் மகாகனி. எல்லாம் ஓடையை ஒட்டிய வடக்கு வரப்பில். ஆகஸ்ட் பிற்பகுதிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாயும், நிழல் ஓடைப் பக்கம் விழும், கேழ்வரகுக்குத் தொல்லை இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு தூங்குமூஞ்சிக் கன்று. அதைச் சுற்றி முப்பது தப்படிக்கு வேறு எதுவும் வைக்கவில்லை.