யாராவது பார்க்கிறார்களா?

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் அன்றைக்கு மட்டும் கரும்பலகை பளிச்சென்று இருக்கும். கடைசி பெஞ்ச் கூட வாயைத் திறக்காது. மென்பொருள் உலகிலும் இதே கதைதான். தன்னை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப நடந்துகொள்ளும் நிரல்கள் ஏராளம். வைரஸ் மட்டுமல்ல, திருட்டுப் பிரதியைத் தடுக்க நினைக்கும் விளையாட்டுகளும் இதைச் செய்கின்றன.

முதலில் டீபக்கர். ஓடுகிற நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்க உதவும் கருவி இது. இதைக் கண்டுபிடிக்க விண்டோஸிலேயே 'இஸ்டீபக்கர்பிரசென்ட்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டைத்தான். அதைப் பூஜ்யமாக்கினால் ஏமாந்துவிடும். அதனால் சில நிரல்கள் நேரத்தை அளக்கின்றன. நொடிக்குள் முடிய வேண்டிய வேலைக்கு நிமிடக் கணக்கில் ஆனால், நடுவில் யாரோ நிறுத்தி வேடிக்கை பார்க்கிறார் என்று அர்த்தம்!

அடுத்தது விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஒரு போலிக் கணினி. இதிலும் குட்டு உடையும். விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க் கார்டின் முகவரி வழக்கமாக 08:00:27 என்று தொடங்கும். 'சிபியுஐடி' கட்டளை தரும் பதிலிலும், ஹைப்பர்வைசர் இருக்கிறதா என்று சொல்ல ஒரு பிட் உண்டு.

மூன்றாவது சாண்ட்பாக்ஸ். சந்தேகப்படும் நிரலைச் சில நிமிடம் ஓடவிட்டுக் கவனிக்கும் கூண்டு. மவுஸ் அசையவே இல்லையா? ஒரு புகைப்படம், ஒரு கடிதம்கூட இல்லையா? அப்படியானால் இங்கே மனிதர் யாரும் இல்லை என்று முடிவு கட்டி நிரல் சாதுவாகிவிடும்.

இந்தச் சந்தேக புத்தியே சில சமயம் காலை வாரிவிடும். 2017 மே மாதம் 150 நாடுகளுக்கு மேல் பரவி, பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியது வான்னாக்ரை. அது ஓடத் தொடங்கியதும், யாரும் பதிவு செய்யாத, அர்த்தமே இல்லாத ஒரு நீளமான இணைய முகவரியைத் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் நின்றுவிடும். ஏன் அப்படி? சில சாண்ட்பாக்ஸ்கள் எந்த முகவரியைக் கேட்டாலும் தாங்களே பதில் அனுப்பும். எனவே இது சாண்ட்பாக்ஸைக் கண்டுபிடிக்கச் செய்த ஏற்பாடு என்பது மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இங்கிலாந்து இளைஞரின் விளக்கம். பதினோரு டாலருக்கும் குறைவான செலவில் அந்த முகவரியை அவர் பதிவு செய்தார். அவ்வளவுதான், புதிதாகப் போய்ச் சேர்ந்த கணினியையெல்லாம் சாண்ட்பாக்ஸ் என்று நினைத்து வான்னாக்ரை அடங்கிப்போனது.

இதெல்லாம் வைரஸ்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் இருந்த மென்பொருள், ஸ்டீயரிங்கின் நிலை, வேகம், காற்றழுத்தம் போன்றவற்றை வைத்து, இது புகைப் பரிசோதனையா நிஜ சாலையா என்று கணித்தது. பரிசோதனையில் சமர்த்துப் பிள்ளை. சாலையிலோ, சில மாடல்கள் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடைக் கக்கின. 2015 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தபோது உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் இந்த மென்பொருள் இருந்தது. மூச்சில் போன நச்சு யாருடையது? சாலையில் நடந்த எல்லோருடையதும்தான்.

பிடிபட்டது எப்படி? மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவுக் கருவியைக் காரிலேயே ஏற்றி, கலிஃபோர்னியா சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு எளிது! சாண்ட்பாக்ஸ் செய்பவர்களும் இப்போது அதே வழிக்குத்தான் வந்திருக்கிறார்கள். மவுஸை அசைக்கிறார்கள், பழைய கோப்புகளைப் போட்டு வைக்கிறார்கள், நிரல் தூங்குவதுபோல் நடித்தால் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள். 'சோதனையில் பாஸ்' என்று யாராவது சொன்னால், அது சோதனை என்று சோதிக்கப்பட்டதற்குத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.