பங்குனிப் பங்கு

வசந்த காலம் என்றால் கவிகளுக்குக் குயிலும் தென்றலும் நினைவுக்கு வரும். எங்களுக்கோ வெண்டைக்காய்தான் நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு ரசனை குறைவு என்று நேயர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. குயில் ஒரு நாள் கூவாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வெண்டைக்காயை ஒரு நாள் பறிக்காமல் விட்டால் அது முற்றி, விறகுக்குத் தம்பியாகிவிடும்!

மதுராந்தகத்துக்குச் சமீபத்தில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது. அதில் விளையும் காய்கறிகளைச் சென்னையிலுள்ள 40 வீடுகளுக்கு வாரந்தோறும் பங்கு பிரித்து அனுப்பி வருகிறோம். பங்கு என்றதும் கம்பெனிப் பங்கு என்று எண்ண வேண்டாம். தை மாதம் நாங்கள் விதை ஊன்றும்போதே அவ்வீட்டார்கள் 12 வாரத்துக்குரிய தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். மாசிக் கடைசி தொடங்கி வைகாசி வரையில் சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூடை போய்ச் சேரும். கூடையில் இன்ன காய் இருக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. நிலம் கொடுப்பதை நாற்பதாகப் பகுத்துக் கொடுப்போம் என்பது ஒன்றே எங்கள் வாக்கு.

இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. ஜப்பானில் 1970-களில், ரசாயனம் கலவாத உணவை விரும்பிய குடும்பத்தலைவிகளும் விவசாயிகளும் தரகர் இல்லாமல் 'தெய்கெய்' என்ற பெயரில் இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டில் மாஸசூஸெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இவ்விதமே பங்கு முறையைத் தொடங்கின. ஆனால், விளைவதைப் பகுத்துக்கொள்ளும் வழக்கத்தை எங்கள் செங்கற்பட்டுச் சீமை கடல் கடந்து போய்க் கற்க வேண்டியதில்லை. 1767 முதல் 1774 வரையில் பார்னார்டு என்னும் ஆங்கிலேயர் இந்தச் சீமையின் கிராமங்களில் கணக்கெடுத்தார். களத்து நெல்லிலிருந்து கோயிலுக்கும், கணக்கருக்கும், தச்சருக்கும், கொல்லருக்கும், வண்ணாருக்கும் தனித்தனியே பங்கு ஒதுக்கப்பட்ட விவரம் அந்தக் கணக்கில் இருக்கிறது. அந்தப் பங்குகள் எல்லோருக்கும் சமமாக இருந்தன என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விளைச்சல் பெருகினால் பங்கும் பெருகும், சுருங்கினால் பங்கும் சுருங்கும் என்ற அந்த விதி ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டோம்.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவுக்கு உறக்கம் கிடையாது. கத்தரியும் கொத்தவரையும் வெள்ளி மாலையிலேயே பறித்தாகிவிடும். கத்தரிக்காயைக் காம்போடு அறுக்க வேண்டும். காம்பு போனால் இரண்டாம் நாளே வாடிவிடும். சனி விடியற்காலை நான்கு மணிக்கு லாந்தர் வெளிச்சத்தில் கீரைப் பாத்தியில் இறங்குவோம். வெயில் ஏறியபின் பிடுங்கிய கீரை தாம்பரம் தாண்டுவதற்குள் தலை சாய்த்துவிடும். வெண்டை பறிக்கும் ஐந்து ஸ்திரீகளும் முழங்கை வரையில் பழைய சட்டையின் கையை மாட்டிக்கொள்வார்கள். வெண்டைச் சுணையின் அரிப்பு அப்படிப்பட்டது! பிறகு ஈரச்சாக்கு விரித்து, நாற்பது கூடைகளை வரிசை வைத்து, நிறுத்துப் பகுக்க வேண்டும். ஆறரை மணிக்கு வண்டி கிளம்பிவிடும்.

சென்ற பங்குனியின் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நள்ளிரவில் சுழற்காற்றும் மழையும் வந்தன. ஒரு மணி நேரந்தான். விடிந்து பார்த்தால் புடலையும் பீர்க்கையும் படர்ந்திருந்த பந்தல் தரையோடு கிடந்தது. கத்தரிப்பூ முக்காலும் உதிர்ந்துவிட்டது. ஆறு கிலோ இருக்க வேண்டிய கூடை இரண்டரைக் கிலோவுக்கு வந்தது. மூன்று வாரம் அப்படியே இருந்தது. கீரை, கொத்தவரை, ஒடிந்த கிளையோடு வந்த முருங்கைக்காய், காற்று உதிர்த்த மாங்காய் இவ்வளவே எங்களிடம் இருந்தன. நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதி ஒவ்வொரு கூடையிலும் வைத்தோம்.

இதே மாதத்தில் அடுத்த நிலத்துக்காரர் தக்காளியை மண்டிக்கு ஏற்றிச் சென்றார். சரக்கை இறக்கிய பிறகல்லவா அங்கே விலை தெரியும்? தரகும் இறக்குகூலியும் போக மிஞ்சியது பறித்த கூலிக்குக்கூடக் காணவில்லை. மறுநடை பறிக்காமல் செடியிலேயே விட்டுவிட்டார். அவர் நிலத்தில் காற்று ஒரு பழத்தையும் தொடவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நல்ல விளைச்சலே அவருக்கு நஷ்டமாயிற்று. எங்களுக்கோ விளைச்சல் அழிந்தும் கூலி நிற்கவில்லை. பறிக்க வேலையில்லாத அந்த ஐந்து பேரும் பந்தல் கட்டினார்கள். வழக்கமான கூலி வாரந்தவறாமல் கொடுத்தோம். அந்தப் பணம் தை மாதத்தில் நாற்பது வீட்டார் கொடுத்து வைத்த பணம்.

வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு வீட்டார் மிகுதித் தொகையைத் திருப்பிக் கேட்டார்கள், அனுப்பிவிட்டோம். அவர்கள்மேல் வருத்தமில்லை, குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டரைக் கிலோ எந்த மூலைக்கு? மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டியம்மாள் மட்டும், "மூன்று வாரமாகக் கொத்தவரங்காய்ப் பருப்புசிலி. வீட்டில் இன்னும் கலகம் மூளவில்லை. நாலாவது வாரத்துக்கு நான் ஜவாப்தாரி அல்ல" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் களத்தில் உரக்கப் படித்தோம். பந்தல் கட்டிய களைப்பு அரை மணியில் பறந்துவிட்டது.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. மூன்று மாதத்துப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? நாற்பதில் எட்டு வீட்டார் வாரக் கூலிக்காரர்கள். அவர்களிடம் வாரத் தவணையாகவே வாங்கிக்கொள்கிறோம். தவணை பெரும்பாலும் சரியாகவே வருகிறது. காற்றடித்த வாரங்களிலும் அவர்களில் ஒருவர்கூடத் தவணையைக் குறைத்துக் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை.

சித்திரை பிறந்த வாரத்துக் கூடையும் இளைத்தேதான் போயிற்று. ஆயினும் வருஷப் பிறப்புப் பச்சடிக்காக மாங்காயும், மரத்தடியில் வேஷ்டி விரித்துச் சேர்த்த வேப்பம்பூவும் வைத்து அனுப்பினோம். வேப்பம்பூ அளவில் குறைந்துவிட்டது என்று இதுவரையில் எவரும் புகார் எழுதவில்லை! வைகாசியில் பந்தல் நிறையப் புடலை தொங்கியது. கடைசி இரண்டு கூடைகளும் எட்டுக் கிலோவுக்குக் குறையவில்லை. மிகுந்ததை மண்டிக்கு அனுப்பலாமா என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. குறைந்தபோது பகுத்துக்கொண்டவர்களுக்கே நிறைந்தபோதும் பங்கு உண்டு என்று முடிவு செய்தோம். புடலங்காயைக் கண்டு சில வீடுகளில் மீண்டும் கலகம் மூண்டிருக்கலாம். அதற்கு நாங்கள் ஜவாப்தாரி அல்ல.